தேக்காவில் ஒரு தே ஓ கொசோங்

ஜூன், இரண்டாம் சனிக்கிழமை, இரவு

இன்று நூலக வாசகர் வட்டத்தில் விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றிப் பேசினேன். பணக்காரனான பிறகு, துணி வெளுக்கும் தங்கையைத் தெரியாதவள்போலக் கடந்துபோகிறவன், கடைசியில் விருந்தினர் எல்லார் முன்னும் அவள் கையைப் பிடித்து, "இவள் என் தங்கை" என்கிறான். அவன் மனிதனாக வளர்ந்தது அந்த இடத்தில்தான் என்றேன். கைதட்டினார்கள்.

பிறகு எல்லாரும் தேக்கா உணவங்காடிக்குத் தேநீர் குடிக்கப் போனோம். அங்கே பானக் கடையில் வேலை பார்க்கும் கோபால் என் சித்தப்பா மகன். நான் கேட்காமலே, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்கை என் முன்னால் வைத்தான்.

"உங்களுக்குச் சீனி ஆகாதுன்னு அவருக்கு எப்படி சார் தெரியும்?" என்று வட்டத்தின் செயலாளர் அம்மா கேட்டார்.

"இங்க அடிக்கடி வருவேன்லா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

கோபால் ஒரு கணம் என்னைப் பார்த்தான். உடனே சிரித்துக்கொண்டு, "ஆமா மேடம், சார் நம்ம ரெகுலர் லா. ஆனா ஒரு நாளாவது வடை வாங்கணுமே, ம்ஹும்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்வேனா, தெரியவில்லை. நாவலில் அவன் மாறும்போது வயது முப்பது. எனக்கு எழுபத்தாறு.

சற்றுமுன் வழக்கம்போல் கைப்பேசியில் கோபாலின் செய்தி வந்தது. "அண்ணே, மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு தம்பி" என்று பதில் அனுப்பினேன். யாரும் பார்க்காத இடத்தில் தம்பி என்று எழுத எனக்குச் சிரமமே இல்லை.