நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

அடியே,

நீ என்னோடு பேசி மூன்று வருஷமாகிறது. இதைப் பிரிக்காமலே போட்டுவிடுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மாநிலக் கமிட்டியில் இப்போது பெண் என்று நான் ஒருத்திதான். கடைசி நாற்காலி, ஃபேன் காற்று எட்டாது. வேட்பாளர் பட்டியலை எடுத்ததுமே செயலாளர், "அக்கா, டீ சொல்லிட்டு வந்துடுங்களேன்" என்பார். நான் திரும்பி வருவதற்குள் பட்டியல் முடிந்திருக்கும்.

நேற்றுப் பொதுக்கூட்டத்தில் வழக்கம்போல எனக்கு நன்றியுரை. பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலைவரில் தொடங்கி மைக்செட்காரர் வரைக்கும் நன்றி சொன்னேன்.

"இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காங்களாம்மா? ஒயரைச் சுத்தணும்" என்றார் அவர்.

இல்லையென்று தலையாட்டினேன். என்னைக் கட்சிக்குக் கூட்டிவந்தவள் நீ. மேடையில் உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்த அன்று, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் டீ சொல்ல எழுந்து போனேன்.

அன்றைக்கு என்னை யாரும் டீ சொல்லச் சொல்லவில்லையடி.

இப்படிக்கு,
உன் பக்கத்து நாற்காலிக்காரி