தூங்குகிறவர்களோடு ஒரு பேச்சு

ஏப்ரல் 2, செவ்வாய்

இந்த மாதமும் ப்ரிட்டா என் தலையில்தான். மயக்க மருந்து நர்ஸ் படிப்பில் கடைசி ஆண்டு. ஒமாஹாவிலிருந்து இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மயக்கம் கொடுக்க இங்கே டாக்டர் கிடையாது, நர்ஸான நான் ஒருத்திதான்.

வேலை சுத்தம். ஆனால் வாய்! நோயாளி தூங்கிப்போன பிறகும் ஓயாது. "இப்ப கண்ணு காயாம இருக்க இமையில பிளாஸ்திரி ஒட்டறேன். கை சில்லுன்னு இருக்கும், மன்னிச்சுக்கங்க."

"அவர் தூங்கிட்டாரும்மா. யாருக்கு இந்தப் பிரசங்கம்?" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். பேச்சு அதிகம், வேகம் போதாது என்று போன மாதமே அவள் படிக்கும் நர்ஸ் பள்ளிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

உள்ளதை உள்ளபடி எழுது ஆர்லீன். இங்கேயாவது எழுது.

வெர்னாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். ப்ரிட்டா தூக்க ஊசி போட்டாள், உடம்பு அசையாமலிருக்க அடுத்த ஊசி போட்டாள், மூச்சுக்காகத் தொண்டையில் குழாயை இறக்கினாள். எல்லாம் சரி. தூக்க ஊசி சில நிமிடம்தான் தாங்கும். அதற்குள் மயக்க வாயுவைத் திறந்துவிட வேண்டும். "நீ கண்ணுக்கு ஒட்டு, வாயுவை நான் திறக்கறேன்" என்றேன். நான்தான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, ஆபரேஷன் செய்யும் டாக்டர் லாம்பர்ட் மேசையை இறக்கச் சொன்னார். இறக்கினேன். பள்ளிக்கூடத்து மிளகாய்க் குழம்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "வெர்னா குழம்புல உப்பே இருக்காது. கூட லவங்கப்பட்டை ரொட்டி தர்றாளேன்னுதான் பிள்ளைங்க அதை முழுங்குதுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். லாம்பர்ட் வயிற்றில் கத்தி வைத்தார்.

நாடித்துடிப்பு தாறுமாறாக ஏறியது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை — நச்சரிக்கிறதென்று காலையில் நானே அடக்கி வைத்திருந்தேன். ப்ரிட்டாதான் முதலில் பார்த்தாள்.

"ஆர்லீன், வாயு மூடியே இருக்கு! ஐயோ, நான்தான் மறந்துட்டேனா?"

பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. வாயுத் திருகைத் திறந்தேன், இன்னொரு தூக்க ஊசி போட்டேன், "வேலையைப் பாரு" என்றேன். அவள் வெர்னாவின் நெற்றியில் கை வைத்துப் பேச ஆரம்பித்தாள். "இப்பவுமா பிரசங்கம்?" என்று அதற்கும் எரிந்து விழுந்தேன்.

கண் விழித்ததும் வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்லி, நான் முழிச்சிருந்தேன். வயித்தை அறுக்கறது தெரிஞ்சுது. கத்த முடியல, விரலைக்கூட அசைக்க முடியல."

"மருந்துல வர்ற கனவு வெர்னா. நிறைய பேருக்கு வரும்" என்றேன். தலையை வேறு தடவிக் கொடுத்தேன். சீ. மனுஷியா நான்?





ஏப்ரல் 8, திங்கள்

ப்ரிட்டா தானாகவே தன் பள்ளிக்குத் தெரிவித்துவிட்டாள், வாயுவைத் திறக்க மறந்தது தான்தான் என்று. வாயுவை நான் திறக்கிறேன் என்றது அவள் காதில் விழவே இல்லை போல, நிஜமாகவே நம்புகிறாள். அடுத்த வாரம் விசாரணை. ஏற்கெனவே நான் எழுதிப் போட்ட குறை இருப்பதால் படிப்பை விட்டே நீக்கலாமாம்.

"உங்க பேரையும் கெடுத்துட்டேன் ஆர்லீன், மன்னிச்சிடுங்க" என்று என்னிடம் வந்து அழுதாள். என்னிடம்! "கவலைப்படாதே" என்றேன்.

என் உரிமம் போனால் இந்த ஊரில் ஆபரேஷனே நடக்காது. பிரசவத்துக்கு வருகிறவர்கள் இன்னொரு ஊருக்கு ஓட வேண்டும். எல்லாம் உண்மைதான். நல்ல சாக்கும்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

மளிகைக் கடையில் வெர்னாவின் புருஷன் எமில். அவள் படுக்கவே மாட்டேன் என்கிறாளாம். எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். "கனவுன்னு நீ சொன்னியாமே. வெறும் கனவுக்கு இப்படிப் பயப்படறேனே, எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சான்னு கேட்டுக் கேட்டு அழறா" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், சாவியைப் போடாமல் அப்படியே இருந்தேன்.

ஏப்ரல் 13, சனி

வெர்னா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன், உள்ளே போனால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அது கனவில்ல வெர்னா. நீ முழிச்சுதான் இருந்தே. வாயுவைத் திறக்காம விட்டது நான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

பிறகு சொன்னாள்: "அந்தப் பொண்ணு 'நான்தான் மறந்துட்டேனா'ன்னு கேட்டா. நீ பதிலே சொல்லல. உன்னை நான் ஒண்ணாங்கிளாஸ்லேருந்து பார்க்கறேன் ஆர்லி, தப்பு பண்ணினா வாயை இறுக்கிப்பே. அதுவும் கனவுதான்னு நினைச்சுக்கிட்டேன்."

"உப்பு இல்லன்னு சொன்னேனே, அதுவும்—"

"அதுவும் கேட்டுச்சு."

வெர்னாவே தொடர்ந்தாள். "'வெர்னா, நான் ப்ரிட்டா, உங்க தலைமாட்டுலதான் இருக்கேன், போக மாட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தா. அந்தக் குரல் ஒண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அவளை நீ திட்டினே" என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

ஆஸ்பத்திரியில் சொன்னேன். ப்ரிட்டாவின் பள்ளிக்குப் போன் செய்து சொன்னேன். உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள். வைக்கட்டும்.

கடைசியாக ப்ரிட்டாவுக்கு. அவள் சொன்னாள்: "வீட்டுல அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு ஓடி ஓடிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். என் கையையே நான் நம்பல. தெரிஞ்சேதான் என்னை இப்படி நம்ப விட்டீங்களா?"

"ஆமா" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மே 20, திங்கள்

ப்ரிட்டா படிப்பில் தேறிவிட்டாளாம். பள்ளியிலிருந்துதான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 10, செவ்வாய்

உரிமம் திரும்பக் கிடைத்தது, மறுபடி வேலை. கொஞ்ச நாளைக்கு நான் வாயு திறப்பதை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், மாணவிகளை இனி என்னிடம் அனுப்ப மாட்டார்கள். இரண்டும் நியாயம்தான். வெர்னா இன்னமும் விளக்கை அணைப்பதில்லை என்று எமில் சொல்கிறார்.

இன்று குடலிறக்கத்துக்கு ஒரு விவசாயி. ஊசி, குழாய், வாயு. திருகைப் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். பிறகு பிளாஸ்திரியைக் கிழித்தேன்.

"கண்ணுல ஒட்டறேன். கை சில்லுன்னு இருக்கும், மன்னிச்சுக்கங்க. நான் ஆர்லீன், உங்க தலைமாட்டுலதான் இருக்கேன்."

லாம்பர்ட் நிமிர்ந்து பார்த்தார். "யார்கிட்ட பேசறே?"

"இவர்கிட்டதான்" என்றேன்.