நாக்கைக் கொல்லும் பொடி

அத்தான்,

ஏரல் வைத்தியர் அனுப்பிய புதுப் பொட்டலத்தை இன்று காலை அவிழ்த்தேன். வாழைநார் முடிச்சு அவிழ்ந்த உடனே வாடை கிளம்பிவிட்டது. மழையில் நனைந்த வேப்பம்புண்ணாக்கைச் சாக்கோடு மூடிவைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. குளித்து விபூதி பூசி நின்றிருந்தேன். விபூதியின் மணத்தையும் அது விழுங்கிவிட்டது. என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்தே, "அந்தக் கண்றாவியப் புறவாசலுக்குக் கொண்டுக்கிட்டுப் போங்க" என்றாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. கண்றாவியைக் கண்றாவி என்றுதானே சொல்ல வேண்டும்.

உள்ளங்கையில் கொட்டினால் காய்ந்த பாசியின் நிறம். நாக்கில் போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. நம்மை ஏமாற்றுவதற்காக ஒரு கணம் சும்மா இருக்கும். பிறகு அடிநாக்கில் தொடங்கித் தொண்டை, காது, கண் என்று ஏறும். வெந்நீர் குடித்தால் பாதிதான் இறங்கும். மீதி மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு, மத்தியானம் நான் தாலுகா கச்சேரியில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போது ஏப்பமாக வந்து நலம் விசாரிக்கும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இந்தச் சனியனோ பழகப் பழக இன்னும் அதிகமாகக் கசக்கிறது.

இதை வாயில் போடும்போதெல்லாம் உங்களைத் திட்டுகிறேன். நீங்கள் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. திட்டு மட்டும் குறையவில்லை. இன்று திட்டிக்கொண்டே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் நீரிழிவு என்று கண்டுபிடித்தது வைத்தியர் இல்லை, எறும்பு. விக்கிரமசிங்கபுரத்தில் உங்கள் வீட்டுப் புறவாசலில், நீங்கள் ஒதுங்குகிற சுவரோரம் எறும்பு சாரைசாரையாக மொய்க்கிறது என்று அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "உங்க அத்தான்ட்ட நீயே சொல்லு தம்பி, எனக்குச் சொல்ல வாய் வரல" என்றாள். கேட்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அம்பாசமுத்திரம் திரும்பி வந்து என் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது.

ரயிலேறித் திருநெல்வேலி போய், அங்கிருந்து வண்டி பிடித்து ஏரல் போனோம். வைத்தியர் இருவர் கையையும் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நம் ஊர் எறும்பின் கதையையும் கேட்டுக்கொண்டார். சிறுகுறிஞ்சான் இலை, நாவல் கொட்டை, ஆவாரம்பூ, மருதம்பட்டை என்று நான்கைச் சொல்லிவிட்டு, மற்றதைச் சொல்லாமலே இடித்துக் கொடுத்தார். நீங்கள் அங்கேயே ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைக் கோணிக்கொண்டு, "இதத் தேன்ல குழைச்சுத் திங்கலாமா?" என்று கேட்டீர்கள்.

"தேன்ல குழைக்கதுக்கு எதுக்குவே பொடி? நேரா தேனையே குடியும், சீக்கிரம் போய்ச் சேரலாம்" என்றார் அவர். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தீர்கள்.

உங்களுக்கு அந்தப் பொடி மற்றவர்களைவிட அதிகக் கொடுமை என்பது எனக்குத் தெரியும். எனக்கு நாக்கு என்பது சோறு இறங்குகிற வழி. உங்களுக்கு அதுதான் பட்டம், பதவி. நம் பக்கத்துப் பிள்ளைமார் வீடுகளில் எந்தக் கலியாணம் நடந்தாலும், சமைக்க வந்த தவசிப்பிள்ளை முதல் கரண்டிப் பாயசத்தை இலைத்துண்டில் ஊற்றி உங்களிடம்தான் கொண்டுவருவார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நக்குவீர்கள். "தேங்காப்பால் ரெண்டாம் பால் சாஸ்தி. ஏலம் பழசு" என்பீர்கள். தவசிப்பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் போவார். நீங்கள் தலையசைக்காமல் பந்திக்கு ஒரு பாயசமும் போனதில்லை. அந்த நேரம் உங்கள் முகத்தில் ஒரு பெருமை வரும். ஜமாபந்திக்குக் கணக்குப் பார்க்க வந்த கலெக்டர் முகத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

பொடியின் உண்மையான குணம் கருப்பட்டிக் கடையில்தான் தெரிந்தது. நான் உங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு நாள் காலை, ஆலைச் சங்கு ஊதியதும் இருவரும் பொடியைப் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் புறப்பட்டோம். கசப்புத் தாங்காமல் நீங்கள் அக்காவுக்குத் தெரியாமல் மடியில் வைத்திருந்த கருப்பட்டித் துண்டைக் கடித்தீர்கள். கடித்த வேகத்தில் துப்பினீர்கள்.

"ஏலே மாப்ளே, கடைக்காரன் மண்ணை வித்துட்டாம்லே."

குளிக்காமலே நேரே கடைக்குப் போய்ச் சண்டை. அந்த மனுசர் பயந்துபோய், அதே கருப்பட்டியில் ஒரு துண்டை வாயில் போட்டு, "அண்ணாச்சி, தேனால்லா இருக்கு" என்றார். நானும் வாங்கிக் கடித்தேன். எனக்கும் மண்தான். கடைக்காரர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு வைத்தியருக்கு ஆள் விட்டுக் கேட்டோம். சிறுகுறிஞ்சான் இலையின் வேலை அது, இனிப்பு ருசியைக் கொன்றுவிடும், இரண்டு மூன்று நாழிகையில் தானே திரும்பிவிடும் என்று சொல்லி அனுப்பினார். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் நம் பிள்ளையின் கலியாணம் வந்தது. திருநெல்வேலிச் சம்பந்தம், நல்ல இடம், உங்களுக்கோ ஒரே மகள். பெண்ணின் தகப்பனுக்கு நீரிழிவு என்று வெளியே தெரிந்தால் தட்டிப்போகும் என்று நீங்கள், அக்கா, நான் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. தாலி ஏறிவிட்டது. மறுவீட்டுச் சொதி விருந்து உங்கள் வீட்டில். சம்பந்தி வீட்டார் வில்வண்டிகளில் வந்து இறங்கிவிட்டார்கள். நான் வாழையிலைக் கட்டை அவிழ்த்து இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் உள்ளே என்ன செய்தீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு நீங்களே சொன்னதுதான்.

காலைப் பங்கு, மாலைப் பங்கு என்று ஒரு நாளைக்குரிய பொடியை ஒரே வாயில் போட்டிருக்கிறீர்கள். "ரெண்டு பங்கு பொடியப் போட்டுட்டா ரெண்டு கிண்ணம் பாயசம் குடிக்கலாம்லே. கூடுனதும் குறைஞ்சதும் சரியாப் போயிரும்னு நெனைச்சேன்" என்றீர்கள். மருந்தைப் பாயசத்துக்கு அச்சாரமாகக் கொடுக்கிற புத்தி நம் ஊரில்தான் உண்டு. பந்தி தொடங்குவதற்குள் நாக்கு திரும்பிவிடும் என்பது உங்கள் கணக்கு. ஆனால் தவசிப்பிள்ளை முன்னாலேயே வந்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா உங்கள் பக்கத்தில் நின்றிருந்தார். ஊரே சொல்லுகிற நாக்கைப் பார்க்கத்தான் அவர் வந்து நின்றார்.

நக்கினீர்கள். கண்ணைத் திறந்து, "இனிப்புப் பத்தாதுவே, போடும்" என்றீர்கள். தவசிப்பிள்ளை உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் வெல்லத்தைத் தட்டிப் போட்டார். மறுபடி கொண்டுவந்தார். "இன்னும் போடும்." மூன்றாம் தடவை அவர் தயங்கி, "அண்ணாச்சி, போதும்னு தோணுது" என்றார். "நான் சொல்லுதேன், போடும்வே" என்றீர்கள். கருப்பட்டிக் கடை உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா என்று பிறகு கேட்டேன். வந்ததாம். ஆனாலும் ஒரு நாளும் பொய் சொல்லாத நாக்கு, பெண்ணின் விருந்திலா பொய் சொல்லும் என்று நினைத்தீர்களாம்.

பந்தியில் பாயசம் வந்தது. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு இலையை மடக்கினார். "எங்க ஊர்ல இந்தப் பாகுல அதிரசம் சுடுவாவ" என்றார். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. கதவுக்குப் பின்னால் நின்ற நம் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

எல்லாரும் போன பிறகு நீங்கள் அண்டாவின் அருகே தனியாகக் குந்தியிருந்தீர்கள். நாக்கு திரும்பியிருந்தது. அடியில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தீர்கள், உடனே அதைக் கையில் துப்பினீர்கள்.

"மாப்ளே, இதையாலே நான் பந்திக்கு விட்டேன்?"

மறுநாள் பொடி முழுவதையும் எருக்குழியில் கொட்டினீர்கள். அக்கா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "ஏளா, நாலு பேரு என்னை மனுசன்னு கூப்பிடுதது இந்த நாக்குக்காகத்தான். இதையும் கொன்னுட்டு நான் இருந்து என்ன பண்ண?" என்றீர்கள். பொடியை நிறுத்தியதோடு பத்தியத்தையும் நிறுத்தினீர்கள். அடுத்த ஆவணியில் ஒரு வீட்டில் பாயசத்தை நக்கிவிட்டு, ஏலக்காய் தோலோடு போட்டதைச் சொன்னீர்கள். தவசிப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, நாக்கு வந்துட்டு" என்று என்னிடம் பெருமையடித்தீர்கள். "ஆமா அத்தான். புறவாசல்ல எறும்பும் வந்துட்டு" என்றேன். அன்றிலிருந்து பத்து நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு உங்கள்மேல் அப்போது வந்த அருவருப்பை மறைக்கப்போவதில்லை. பொடியின்மேல் இருந்ததைவிட அதிகம். நீங்கள் விருந்து வீடுகளில் இலைத்துண்டை நக்கும்போது, எனக்கு அந்தச் சுவரும் எறும்பு வரிசையும்தான் கண்ணில் தெரிந்தன. ஒரு கரண்டிப் புகழுக்காகப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் தூக்கி எறிகிற மனுசர் என்று மனதுக்குள் வைதேன். நேரிலும் வைதேன். நீங்கள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு நாக்கு இல்லைலே, அதான்" என்றீர்கள்.

அறுத்த வயலில் நடந்தபோது நெல்தாள் குதிகாலில் குத்தியது. நெல்தாள் குத்தாத வெள்ளாளன் உண்டா? மற்றவர்களுக்கு மூன்று நாளில் ஆறும். உங்களுக்கு ஆறவில்லை. கால் கறுத்தது. பாளையங்கோட்டை டாக்டர் காலை எடுக்க வேண்டும் என்றார், நீங்கள் முடியாது என்றீர்கள். அந்தப் புண்ணின் நாற்றத்தை நான் எழுத மாட்டேன். சாம்பிராணி போட்டுப் போட்டு, இப்போது சாம்பிராணி மணந்தாலே எனக்குக் குமட்டுகிறது. அக்கா மட்டும் மூக்கைச் சுளிக்காமல் துணி மாற்றினாள்.

ஆடியில் நம் பிள்ளை திருநெல்வேலியிலிருந்து வந்தாள். முழுகாமல் இருந்தாள், வயிறு நன்றாகத் தெரிந்தது. உங்கள் கட்டிலருகே உட்கார்ந்தாள். நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவள் எழுந்து உள்ளே போன பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மாப்ளே, உங்கிட்ட அந்தப் பொடி இருக்கா?"

இனி அதனால் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மடியில் என் காலைப் பங்கு இருந்தது. பிரித்து உங்கள் நாக்கில் வைத்தேன். நாக்கு வெள்ளை படிந்து, வறண்டு, சுருண்டு கிடந்தது. முகம் கோணும் என்று வெந்நீரோடு காத்திருந்தேன். கோணவில்லை. வெறும் அரிசிமாவை மெல்லுகிறவரைப் போலப் பைய மென்று விழுங்கினீர்கள்.

"கசக்கவே இல்லையேலே" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "முந்தியே இப்படி இருந்திருந்தா தின்னுருப்பேனே" என்றீர்கள்.

அப்புறம் நீங்கள் பேசியது எதுவும் எங்களுக்கு விளங்கவில்லை.

பேரன் கார்த்திகையில் பிறந்தான். பாபநாசத்தில் சுவாமி சன்னிதியில் வைத்துச் சோறூட்டினோம். தாத்தா உட்கார வேண்டிய இடத்தில் என்னை உட்காரவைத்து, மடியில் பிள்ளையைக் கிடத்தினார்கள். பாயசச் சோற்றை உதட்டில் தடவியதும் அவன் நாக்கை நீட்டித் தேடினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கனம் உங்கள் மடியில் இருந்திருக்க வேண்டும். அக்கா தூணுக்குப் பின்னால் நின்று அழுதாள். அவளை முன்னால் வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் எழுந்து போய்ப் பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன்.

பொடிதான் என்னைக் காப்பாற்றுகிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பத்தியமாக இருக்கலாம், தலையெழுத்தாகவும் இருக்கலாம். தலையெழுத்தை நம்பிப் பொடியை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். பேரன் இப்போது ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்கிறான். அவன் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

அதனால் இன்று காலையும் புறவாசலுக்குப் போய் நின்று அந்தக் கண்றாவியை வாயில் போட்டேன். குமட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. உங்களை ஒரு வார்த்தை வைதேன். அப்புறம் வெந்நீரைக் குடிக்காமல், அது காது வரைக்கும் ஏறுகிற மட்டும் நின்றேன்.

எனக்கு இன்னும் கசக்கிறது, அத்தான்.