மேல் பீலியா, கீழ்ப் பீலியா?

என் அன்பான அப்பாவுக்கு,

இந்த நேரத்துல எழுதுறதுக்கு மன்னிச்சிருங்க. "விடிஞ்சா பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போகணும், படு புள்ள"ன்னுதான் நீங்க சொல்லுவீங்க. மலர் இப்போதான் கண்ணயர்ந்தாள், அப்பா. மலரை உங்களுக்குத் தெரியாது. நீங்க போன அடுத்த வருஷம் பிறந்தவள். காது ரெண்டும் அப்படியே உங்க காது.

இதைப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்துக்கு அனுப்பப் போகிறேன். உங்களுக்கு எழுதுறதை ஊரே படிக்கட்டுமே. எனக்கு வேறு வழி தெரியலை.

வாத்தியார் வேலைக்கு என் பேர் வந்திருக்கு அப்பா. நீங்க தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் படிக்க வைத்தது வீண் போகலை. ஆனா உங்க பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் காட்டினால்தான் நான் இந்த நாட்டுக்காரி. நான் இந்த நாட்டுக்காரியானால்தான் மலரும். அரசாங்கக் கந்தோரில் உங்க ஃபைல் இல்லையாம். "அசல் பத்திரத்தோட வாங்க" என்கிறார்கள். அடுத்த மாதம் விசாரணை. மாமியார் வீட்டுக்கு இந்தியாப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. "பேசாம எங்களோட கப்பலேறு" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. நானும் பிள்ளையும் எந்தக் கப்பலில் ஏற? எங்க பேர் எந்தப் பட்டியலிலும் இல்லையே?

அந்தக் கலவரத்து இரவில் நீங்க எல்லாப் பத்திரத்தையும் பிஸ்கட் டின்னில் போட்டுத் தேயிலை மரங்களுக்கு நடுவே புதைச்சீங்க. விடிவதற்குள் லயத்து வீடெல்லாம் எரிந்து போனது. நான் ஹட்டனில் காலேஜில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்குத் திரும்ப உங்களுக்கு மனசு வரலை. ஆஸ்பத்திரியில் வாய் இழுத்துக்கொண்டு கிடந்தபோதுதான் சொன்னீங்க: "தண்ணிப் பீலிக்கு நேர் மேல... ஒம்பதாவது மரம்."

நான் தலையை ஆட்டினேன். சீக்கிரம் தூங்கட்டும் என்றுதான் ஆட்டினேன் அப்பா.

தேயிலை எங்கே போய்விடும் என்று மரத்தை எண்ணிச் சொல்லிட்டீங்க. நம்ம ஆளுங்க தூரத்தை அப்படித்தான் சொல்லுவோம். இப்போ அங்கே ஒரு மரம்கூட இல்லை. அந்தச் சரிவைப் பிரித்துக் கிராமத்து ஆட்களுக்குக் கொடுத்தாச்சு. வேரோடு பிடுங்கி உருளைக்கிழங்குப் பாத்தி போட்டிருக்கிறார்கள். காணிக்காரர் பேர் பியசேன.

நுவரெலியாவில் தண்ணிக் குழாய் வேலை செய்கிற செபஸ்தியான் அண்ணனை ஞாபகம் இருக்கா, என் வீட்டுக்காரரோட கூட்டாளி? மண்ணுக்குள்ளே கிடக்கிற இரும்பைத் தேடும் மெஷின் அவரிடம் இருக்கு. காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் சத்தம் கேட்கும். கெஞ்சினேன். "தங்கச்சி, அடுத்தவன் காணியில சொல்லாம இறங்கினா நம்மளக் களவாணின்னுதான் சொல்லுவான். காணிக்காரர் வாயால சரின்னு சொல்லட்டும். அப்புறம் பாரு, கூப்பிட்ட நாளைக்கு வர்றேன்" என்றார்.

படித்த பிள்ளை என்ன செய்தேன் தெரியுமா? வலப்பனை டவுனில் சிங்களத்தில் ஒரு மனு டைப் அடித்து, முத்திரையும் ஒட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். பியசேன அதைப் படிக்கவே இல்லை. முத்திரையை மட்டும்தான் பார்த்தார்.

"காணி கேட்டு வழக்கா? இது எனக்குச் சட்டப்படி கிடைச்ச காணி. போ நங்கி, போ!" நாய் வேறு அவருக்காகப் பேசியது. நான் சொன்ன சிங்களம் எதுவும் எடுபடலை.

பஸ்ஸில் அழுதுகொண்டே வரும்போதுதான் உங்க நினைவு வந்தது. கிராமத்து வீடுகளில் பலாக்காய் கேட்கப் போனால்கூட ஒரு கட்டு வெற்றிலை இல்லாமல் நீங்க போனதில்லை. மறுவாரம் கடதாசி எதுவும் எடுக்காமல், இடுப்பில் மலரும் கையில் வெற்றிலையுமாகப் போனேன். ரெண்டு கையாலும் கொடுத்தேன். பியசேன வெற்றிலையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்து, டின் புதைத்த கதையைச் சொன்னேன்.

"புதையலா? புதையல்னா பாதி எனக்கு. பலி குடுக்கச் சேவல்கூட நானே தர்றேன்" என்று சிரித்தார்.

"டின்னுக்குள்ளே கடதாசிதான் மாத்தயா."

"வெறும் கடதாசியா? கடதாசிய யாராவது புதைப்பாங்களா?"

அவர் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டார்: "நீங்க காணிப் பத்திரத்த எங்க வெச்சிருக்கீங்க? அரிசிப் பானைக்கு அடியில. எலி தின்னுடும்னு டின்னுல போட்டு!"

பியசேன பேச்சை மாற்றி மலரின் பேரைக் கேட்டார். கடைசியில் சரி என்றார், ஒரு நிபந்தனையோடு. மெஷினை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரலாம். குழி ஒன்றே ஒன்றுதான். "எருப் போட்ட பாத்தி. அங்கயும் இங்கயும் தோண்டினா எனக்கும் நட்டம், ஊர்லயும் புதையல்னு கதை கட்டுவாங்க. பொலிசு வரும். பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள் கிழங்கு போடுறேன். அதுக்கப்புறம் கேக்காத நங்கி."

போன ஞாயிறு செபஸ்தியான் அண்ணன் மெஷினோடு வந்தார். காதில் மாட்டியதும் முகம் சுருங்கிப் போச்சு. எரிந்த லயத்துத் தகரமும் ஆணியும் சரிவு முழுக்கக் கிடக்கு அப்பா. கால் வைத்த இடமெல்லாம் மெஷின் கத்துது. அப்போதான் எனக்கு உறைத்தது. நம்ம லயத்துக்குப் பீலி ஒன்றா இருந்தது?

மேல் பீலி பொம்பளைகளுக்கு. நான் குடத்தோடு போய் நின்றது அங்கே. கீழ்ப் பீலி ஆம்பளைகளுக்கு. வேலை விட்டு வந்து நீங்க குளித்தது அங்கே. ரெண்டும் நின்ற இடம் இன்னும் ஈரமாக இருக்கு, அது தெரியுது. மரத்துக்கு மரம் நாலடி என்று வைத்து அளந்தோம். ரெண்டிலிருந்தும் முப்பத்தாறு அடி மேலே போய் மெஷினை வைத்தார். ரெண்டு இடத்திலும் ஒரே சத்தம்.

"எதும்மா? சொல்லு, வெட்டிருவோம்" என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பிப் போனால் வேறு குழி கிடையாதே. வேண்டாம் அண்ணே, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டேன். போயா வரைக்கும்தான் என்று பியசேன விரலை ஆட்டினார்.

நீங்க பீலி என்றது உங்க பீலியையா? இல்லை, என்னிடம் சொல்வதால் என் பீலியையா? அன்றைக்கு "எந்தப் பீலிப்பா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? அம்மா இருந்திருந்தாலாவது கேட்கலாம். அவங்களும் உங்களுக்கு முன்னாலேயே போய்ட்டாங்க.

அந்த இரவு நீங்க தனியாகப் போயிருக்க மாட்டீங்க. யாரோ டோர்ச் பிடித்திருப்பார்கள். யாரோ எந்தப் பக்கம் போறே என்று கேட்டிருப்பார்கள். அந்த ஆட்கள் இப்போ கந்தப்பளையில் இருக்கலாம், வவுனியாவில் இருக்கலாம், கடல் தாண்டி நீலகிரியிலும் இருக்கலாம். இந்தப் பத்திரிகைப் பக்கம் அவர்கள் கைக்கும் போகும் இல்லையா?

இதைப் படிக்கிறவங்களே, கவ்வாத்துக்காரர் ராமையாவை, வலப்பனைப் பக்கம் எரிந்த தோட்டத்தில் மூணாம் லயத்துக் கடைசிக் காம்பிரா வீட்டில் இருந்தவரை, உங்களுக்குத் தெரியும்தானே? நான் அவர் மகள். அவர் அன்றைக்கு எந்தப் பீலிப் பக்கம் ஏறினார்? ஒரு வார்த்தை போதும். பத்திரிகை முகவரிக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும்.

அப்பா, டின் கிடைத்தால் குழியை என் கையாலேயே மூடி, பியசேனவின் பாத்தியை இருந்தபடி கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்னால் மலரின் பேரைப் பிரஜையாகப் பதிவேன், உங்க பேரையும் சேர்த்து. இது சத்தியம்.

போயாவுக்கு இன்னும் பதினாறு நாள். தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்க ஒரே மகள்,
மலரின் அம்மா