வாடை உயர்த்தாத கடல்

இஞ்சேருங்கோ,

இன்று காலை தோய்த்துக் காயப்போட்ட என் வெள்ளைச் சேலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கறை. சவர்க்காரத்துக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கும், ஒருகாலத்தில் கடல்மட்டம் பார்த்த உங்கள் அளவுக்கம்பின் பூச்சுத்தான் அது. வருடக்கணக்காக வெயிலில் நின்று உரிந்து, ஐந்து என்ற இலக்கத்தின் வயிறு அப்படியே என் முந்தானையில் ஒட்டியிருக்கிறது. நீங்கள் போய் ஆறு வருடம். இன்னும் என் உடுப்பை ஊத்தையாக்குகிறீர்கள்.

கம்பை எறிந்துவிடும்படி மகள் கொழும்பிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாள். நல்ல முதிரை மரம், அதைவிட நேரான கம்புக்கு நான் எங்கே போவது என்று பதில் போடுகிறேன். வேறு காரணமும் உண்டு. அதை அவளுக்கு எழுதவில்லை, உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

ஐம்பது வயது முடிந்த கிழமை, மத்தியானச் சாப்பாட்டில், மீன்முள்ளை எடுத்துச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்துக்கொண்டே, குடிசார் பொறியியலில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டதாகச் சொன்னீர்கள். மகளுக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதம். தொட்டில் விசாரிக்க வேண்டிய வயதில் உங்களுக்கு மாணவர் அட்டை! பேராதனையில் உங்களுக்கு வாய்த்த பேராசிரியர் உங்களைவிடப் பத்து வயது இளையவர்.

“இப்ப என்னத்துக்குப் படிப்பு?” என்று கேட்டேன்.

“கிண்ணியாவுக்குப் பாலம் வேணுமெண்டு நான் எழுதின கோப்பு திரும்பி வந்திட்டுது. நீர்மட்ட அளவு எங்கையெண்டு ஒரு வரி எழுதியிருக்கினம். அளந்து அனுப்பினாலும் கோப்பை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். ஆய்வேடெண்டால் பரிசோதகர் வாசிச்சுத்தானே ஆகோணும்?”

அதிகாரிகளை ஒரு கோப்பு வாசிக்க வைப்பதற்காகப் பட்டம் படிக்கப் போன மனிதர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

அப்போது அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துக்கொண்டு, பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமி என்று வரும் போயா நாட்களை விடுமுறையாகத் தந்திருந்தது. ஊரெல்லாம் கிழமை தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் சந்தோசப்பட்டீர்கள். “சந்திரனைப் பாத்துத்தான் கடல் ஏறி இறங்குது. இப்ப என்ரை லீவும் சந்திரனைப் பாத்துத்தான் வருது. எனக்காகவே செய்து தந்த மாதிரியெல்லோ?” என்று, விடுமுறைதோறும் கிண்ணியாப் பாதைத்துறைக்குப் போனீர்கள். வாகனங்களையும் சனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்த இரும்பு மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம். அது கரை தட்டும் போதெல்லாம் இறங்குதுறை நடுங்கும் என்பதால், துறைக்கு இரண்டு முழம் தள்ளிச் சேற்றில் கம்பை நட்டு அளந்தீர்கள். மூன்றாம் மாதம் பேராசிரியர் அந்த அளவுகளைப் பார்த்துவிட்டு, போயாக்களில் மட்டும் அளந்தால் இடைப்பட்ட நாட்களில் கடல் என்ன செய்கிறது என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, என்னைப் பார்த்தீர்கள். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

இப்படித்தான் ஓர் எந்திரியின் மனைவி, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பியானோவும் தட்டச்சும் படித்தவள், கிழமைக்கு நாலு நாள் முதல் பஸ்ஸில் ஏறி, குடையும் முக்காலியும் கொப்பியுமாகப் பாதைத்துறையில் போய்க் குந்தினாள். அரை மணிக்கு ஒருதரம், அடியும் அடியின் பத்திலொன்றும். எங்கள் கடல் வேறு பெரிய மனம் படைத்ததல்ல. காலையிலிருந்து பொழுதுபடும் வரை பார்த்திருந்தாலும் இரண்டு அடி ஏறி இறங்காது.

பாதைக்காரர் உதுமாலெப்பை நானாவுக்கு நான் ஒரு வேடிக்கை.

“இஞ்சினியர் அம்மா, இண்டைக்கும் கடல் இரிக்கா எண்டு பாக்க வந்தீங்களா?”

“ஓம் நானா. நேற்று இருந்த இடத்திலைதான் இருக்குது.”

“நான் முப்பது வருசமாப் பாக்கன், அது எங்கயும் போகல்ல. ஐயாட்ட சொல்லுங்க, வேணுமெண்டா நானே கையெழுத்துப் போட்டுத் தாறன்.”

அவர் பகிடி பண்ணினாலும், வெயில் ஏறியதும் பாதையில் கிடந்த படங்குத் துண்டொன்றை என் தலைக்கு மேல் கட்டிவிட்டவர் அவர்தான். உங்களுக்கு அந்த யோசனை ஒருபோதும் வரவில்லை.

நான் மட்டும் ஓர் அளவையும் தவறவிட்டதில்லை. பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே எழுத வேண்டும், பிறகு நினைத்து எழுதக் கூடாது என்று மடத்தில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். உங்களுடைய பாடமும் அதுதான். கலியாணப் பேச்சிலிருந்து தேங்காய் விலை வரை எதைச் சொன்னாலும் “அளந்துபோட்டுக் கதையும்” என்பீர்கள்.

மார்கழியில் வாடைக்காற்று பிடித்தது. ஒரு வியாழக்கிழமை காலை நான் போய் இருந்தபோது, கம்பு சரியாயில்லை என்று பட்டது. முக்காலியில் இருந்து பார்த்தால் ஐந்து என்ற இலக்கம் இறங்குதுறையின் பலகையோடு ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். அன்று நாலு விரல் கீழே இருந்தது.

“நானா, கம்பு அசைஞ்சதோ?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “காலம்பற அலையில பாதை லேசாத் தட்டிட்டு அம்மா. சாஞ்சி கிடந்திச்சி. நீங்க வர முந்தி நேராக்கிட்டன். முந்தியவிட ஆழமா அடிச்சி வெச்சிரிக்கன். இனி ஆன வந்தாலும் அசையாது!”

உதவி செய்த பெருமை அவருக்கு. நான் கொப்பியின் ஓரத்தில் நாளும் மணியும் போட்டு, கம்பு சாய்ந்து திரும்ப அடிக்கப்பட்டிருக்கிறது, நாலு விரல் ஆழம் கூட, என்று எழுதி என் முதலெழுத்தையும் வைத்தேன். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“அந்த மனுசன் உம்மைச் சந்தோசப்படுத்தக் கதைச்சிருக்கும். நான் நட்ட கம்பு, நாலடி மண்ணுக்கை நிக்குது. அதுக்கு மேலை அடிக்க ஆருக்கும் ஏலாது. தண்ணி உயர்ந்து நிக்கிறது வாடை தள்ளுறதாலை.”

மட்டம் பார்க்கும் கருவி நீங்கள் வேலை செய்த கந்தோரில் இருந்தது. ஒரு காலை வேலை. போகவில்லை. கொப்பியிலிருந்து இலக்கங்களை மட்டும் படியெடுத்தீர்கள், ஓரத்தைப் பார்க்கவில்லை.

சித்திரையில் வாடை ஓய்ந்து கடல் கண்ணாடியாகக் கிடந்தது. அளவு மட்டும் இறங்கவில்லை. குசினி வாசலில் நின்று இரண்டாந்தரம் சொன்னேன். “காத்துத் தள்ளின தண்ணியெண்டால் காத்துப் போனபிறகு ஏன் நிக்குது? கம்பைப் போய்ப் பாருங்கோ.”

“உமக்கு இது விளங்காது, விடும்.”

வருடம் முழுவதும் அந்தத் தண்ணீரைப் பார்த்தவள் நான். எனக்கு விளங்காது.

அந்த உயர்ந்த தண்ணீரில் உங்களுக்கு ஒரு கண்டுபிடிப்பே கிடைத்திருந்தது. வாடைக்காற்று விரிகுடாவுக்குள் நீரைத் தள்ளி நிறுத்துவது பற்றி முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஓர் அத்தியாயம். அதில் பதினொரு பக்கம், காற்று நின்ற பின்னும் தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்பதற்கு விளக்கம்! அந்தப் பதினொரு பக்கத்தை எழுத நீங்கள் பட்ட பாட்டில் பத்துத்தரம் கிண்ணியாவுக்குப் போய் வந்திருக்கலாம். கதிரையில் சாய்ந்து, “இதைப் பாத்தால் பேராசிரியரே எழும்பி நிப்பார்” என்றீர்கள்.

நான் தட்டச்சுச் செய்தேன். உங்கள் ஆங்கிலத்தில் நான் கை வைக்காத வசனம் இல்லை. அந்த அத்தியாயத்திலும் ஒரு காற்புள்ளி பிசகாமல் போட்டேன், ஓர் எழுத்துப் பிழை விடவில்லை. வாயைத் திறக்கவுமில்லை.

பேராதனைக்குப் போன நீங்கள் மூன்றாம் நாள் காலை ரயிலில் திரும்பி வந்தீர்கள். தோற்பையோடு வாசலில் நின்ற நிலை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தேத்தண்ணி வேண்டாம் என்றீர்கள். பேராசிரியர் அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: “காற்றுப் போன பிறகு தண்ணீர் யாருக்காகக் காத்து நின்றது?” அதன் பிறகு, கம்பின் மட்டத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று விசாரித்திருக்கிறார். முதல் வருடப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற விசயம். இருபத்தேழு வருடம் அணையும் மதகும் கட்டிய உங்களிடம், இரண்டு இளம் விரிவுரையாளர்களுக்கு முன்னால் அதைக் கேட்டிருக்கிறார். அளவுகள் பிழையென்றால் பட்டம் இல்லை. திரும்ப ஒரு வருடம் அளக்க உங்களுக்கு லீவும் இல்லை, தவணையும் இல்லை.

அன்றைக்கே கருவியோடு துறைக்குப் போனோம். பக்கத்து மதகின் கல்லில் வெட்டியிருந்த நிலையான மட்டக்குறியிலிருந்து நீங்கள் கருவியால் பார்த்துக்கொண்டு வர, நான் அளவுகோலைப் பிடித்தேன். அடியின் பத்தில் மூன்று, அதே நாலு விரல். கம்பு அவ்வளவு இறங்கியிருந்தது. கடல் ஒரு விரலும் உயரவில்லை.

“அது நான் அடிச்சதுதானே ஐயா,” என்றார் உதுமாலெப்பை நானா. “அண்டைக்கே அம்மாட்ட சொன்னனே. ஐயா ஒருநாளும் என்னட்டக் கேக்கல்லயே.”

பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டீர்கள். “நீர் ஏன் திரும்பச் சொல்லேல்லை?”

“ரெண்டு தரம் சொன்னனான்.”

“மூண்டாந்தரம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பன்.”

இப்படி ஒரு வசனத்தை ஒரு மனிதர் தன் மனைவியிடம் சொல்லலாமா? இத்தனை வருடமாகியும் இட்லிக்கு அரைக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், இது நினைவுக்கு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்களைக் காப்பாற்றியது நீங்கள் பார்க்காமல் விட்ட ஓரம்தான். கம்பு நகர்ந்த நாளும் நேரமும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வைத்திருந்தபடியால், அதற்குப் பிந்திய எல்லா அளவிலும் பத்தில் மூன்றைக் கழித்து ஏற்றுக்கொள்ளலாம் என்று பேராசிரியர் சம்மதித்தார். அரை வருடத்து அளவுகளை நான் வாசிக்க, நீங்கள் கழித்தீர்கள். முப்பத்தெட்டுப் பக்கம் போனது. பின்னால் வந்த பக்கங்களையெல்லாம் இலக்கம் மாற்றித் திரும்ப அடித்தேன். இளைப்பாற ஒரு வருடம் இருக்கையில் பட்டம் வந்தது. கந்தோரில் உங்கள் கதிரை மாறவில்லை. பாலம் இன்றைக்கும் வரவில்லை. உதுமாலெப்பை நானாவின் மருமகன்தான் இப்போது பாதையை ஓட்டுகிறார்.

கட்டி வந்த ஆய்வேட்டின் நன்றியுரையைத் திறந்து பார்த்தேன். பேராசிரியருக்கு நன்றி, திணைக்களத்துக்கு நன்றி, பாதைத்துறை ஊழியர்களுக்கும் நன்றி. நான் இல்லை. அடித்தவளே நான்தானே, அந்த ஒரு பக்கத்தை மட்டும் என்னிடம் தராமல் கந்தோரில் கொடுத்து அடித்திருந்தீர்கள். நீங்களாகவே கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினீர்கள். பின்னிணைப்பில் என் கொப்பியின் அந்த வியாழக்கிழமைப் பக்கம், ஓரக் குறிப்போடும் முதலெழுத்தோடும் படம் பிடித்துச் சேர்க்கப்பட்டிருந்தது.

“நன்றியெண்டு போட்டால், புருசனுக்காகச் செய்தவ எண்டு விட்டிடுவினம். இதிலை இருந்தால் நீர் சாட்சி,” என்றீர்கள்.

அதைச் சொன்ன மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஆனாலும் கோபித்துக்கொண்டுதான் இருந்தேன். நன்றியையும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

நீக்கிய அத்தியாயத்தின் கரித்தாள் பிரதியை எரித்துவிடச் சொன்னீர்கள். எரிக்கவில்லை. பிழையில்லாமல் அடித்ததை எரிக்க மனம் வரவில்லை என்றேன். அது பாதி உண்மை. மீதியை இன்றைக்குச் சொல்கிறேன். அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் அடிக்கும்போது அது பொய்யென்று எனக்குத் தெரியும். தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, கம்பைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடிப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள். உமக்கு விளங்காது என்ற வாயை வேறு யாராவது மூட வேண்டும் என்றுதான் பேசாமல் அடித்தேன். நீங்கள் பிடிபட வேண்டும் என்று விரும்பினேன். ஆனால் அந்தக் காலை வாசலில் தோற்பையோடு நின்ற முகத்தை நான் விரும்பவில்லை. பேராசிரியர் சம்மதிக்காமல் விட்டிருந்தால் அந்த முகத்தோடுதான் நீங்கள் மிச்ச நாளையும் கழித்திருப்பீர்கள். பஸ்ஸில் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நான் பாதிப் பதில்தான் சொன்னேன்.

சேலையை ஊறவைத்துவிட்டு வந்து, அலுமாரியிலிருந்து அந்தப் பிரதியை எடுத்தேன். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் இன்றைய திகதியும், காலை பத்தரை என்று நேரமும் போட்டு எழுதினேன்: கம்பு நகர்ந்தது அவதானிப்பாளருக்குத் தெரியும். மூன்றாந்தரம் சொல்லவில்லை. வேண்டுமென்றே.

கீழே என் முதலெழுத்தை வைத்திருக்கிறேன். இதையும் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கோ.