பூவம்மாள் ஏந்திய தாம்பூலத் தட்டு

திருத்தணி
12.7.1974

பிலாயில் உருக்காலையையே ஒற்றைத் தோளில் சுமந்து நிற்கும் என் மருமகன் வேணுவுக்கு, தாய்மாமன் துளசிங்கம் எழுதுவது. மலைமேல் இருக்கிறவன் தயவில் இங்கே நான், உன் அத்தை கமலா, உன் அம்மா, இரண்டு தறி, ஒரு கிழட்டுச் சைக்கிள் எல்லோரும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு லீவு கிடைக்காவிட்டாலும் புதன்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. அம்மையார்குப்பம் ஜெகநாதன் வீட்டுச் சாம்பார் வாசனைக்குத் திருப்பதி பஸ்ஸே பாதை மாறி வந்ததாகக் கேள்வி. பெண் சந்திரா போட்டோவில் இருப்பதைவிட நூறு பங்கு லட்சணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் மட்டும் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அம்மாவை அன்றைக்கு அரக்கோணத்துக்கு அனுப்பிவிடுங்கள், தட்டை அத்தை மாற்றட்டும், அம்மாவின் கையைப் பார்த்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லையடா. குஷ்டம் பூரணமாகக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சீட்டு கொடுத்து அனுப்பி இரண்டு வருஷமாகியும், என் தங்கை பூவம்மாளுக்குத் தனியாக ஓர் அலுமினிய லோட்டா வைத்திருந்தவன் நான்தான். புலியோடு மல்யுத்தம் செய்ததாக உனக்குக் கதை சொன்னேனே, அந்த மகாவீரன் ஒரு லோட்டாவுக்குப் பயந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அரக்கோணம் போகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய இயேசுநாதர் புத்தகத்தை நீட்டி, ‘படிச்சிக் காட்டுண்ணா’ என்றாள். அவளுக்குத்தான் எழுத்து தெரியாதே. பிரித்த பக்கத்தில் ஒரு குஷ்டரோகி. ஊரை விட்டுத் தள்ளப்பட்டவன், வந்து முழங்காலில் விழுகிறான். இயேசுநாதர் மனம் உருகிக் கையை நீட்டி அவனைத் தொடுகிறார். கவனி வேணு, சுகமான பிறகு தொடவில்லை, புண்ணோடு இருக்கும்போதே தொட்டார், அப்புறம்தான் சுகம். ஒரு சொல்லில் ஓடியிருக்கும் வியாதிக்குக் கை எதற்கு? எத்தனை வருஷமாக ஒரு மனுஷக் கை படாத உடம்பு அது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முருகனுக்கு மட்டுமே மொட்டை அடித்துக்கொள்கிற நான் எழுந்து நின்று கும்பிட்டேன். கும்பிட்ட கையைப் புத்தகத்துக்குத் திருப்ப மறந்தேன். ‘ஏண்ணா நிறுத்திட்டே? அங்கதான் நல்லா இருக்கும், படி’ என்றாள்.

முடித்ததும் என் சட்டைப்பையில் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ‘வேணு என்னா எழுதிகினு இருக்கான்?’ என்று கேட்டாள். பிரித்தேன். என் பொய்களுக்கெல்லாம் சக்கரவர்த்தியை அன்று சொன்னேன். தட்டை அம்மாதான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நீ எழுதியிருப்பதாகப் படித்தேன். அவள் கடிதத்தை வாங்கி புத்தகத்தின் அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடினாள். சாயந்திரம் நான் அவள் லோட்டாவில் காப்பி குடித்தேன்.

புதன்கிழமை மடங்கிய விரல் இரண்டையும் மறைக்காமல் தட்டை ஏந்தி, ‘பாத்துக்குங்க சம்பந்தி, அந்த வியாதி வந்து சொஸ்தமானவ நான். வேணான்னா இப்பவே சொல்லிடுங்க’ என்று சபையிலேயே கேட்டுவிட்டாள். ஜெகநாதன் சிலையாகிவிட்டார். அந்த மௌனத்தில், அத்தனை மைல் தள்ளி நம் மலையில் மயில் நடப்பது எனக்குக் கேட்டது. அவர் சம்சாரம் கன்னியம்மாள் எழுந்து வந்து, அந்தத் தட்டிலிருந்தே ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றபடி, ‘சுண்ணாம்பு கம்மி சம்பந்தி’ என்று சொல்லி, உன் அம்மாவின் விரல்களோடு சேர்த்துத் தட்டைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம். நூறு பிள்ளைகளும் ஆயிரம் பேரன்களுமாக நீங்கள் வாழ மாமனின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் கடிதம் இன்னும் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது. படிக்கத் தெரிந்த மருமகள் வரப்போகிறாள். பூவம்மாள் ஆசையாக எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். அதற்குள், நான் பொய்யாகப் படித்துக் காட்டிய கடிதத்தை நீ உன் கையால் எழுதி அனுப்பு, மாற்றி வைத்துவிடுகிறேன். தேதி பழைய தேதியாகவே இருக்கட்டும். ஆனால் மனசு வந்த பிறகு எழுது. அதுவரை என் பொய்யே உன் அம்மாவிடம் இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் மாமன்,
துளசிங்கம்