பந்து விழாத இடம்

குமரா, என் கண்ணே,

நேற்று பாலாற்று மணலில் உன் இடத்தில் நான் நின்றேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் நீ நடத்திய வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடம் தொடங்கிவிட்டதாம். உன் மாணவி நிவேதா தொலைபேசியில் சொன்னாள். உனக்குப் பின் வந்த ஆசிரியர் பிள்ளைகளைத் திருமுக்கூடல் ஆற்றுமணலுக்கு அழைத்துப்போகச் சம்மதித்துவிட்டார். ஆனால் பிள்ளைகள் பந்தை எய்யும்போது, புத்தகச் சூத்திரப்படி அது விழவேண்டிய இடத்தில் நீ போய் நிற்பாயே, அங்கே நிற்க ஆளில்லை.

"சார் நின்ன இடத்துல நாங்க எப்படிக்கா நிக்கறது? ஆள் இல்லன்னா போர்டுலயே முடிச்சிடலாம்னு சொல்றாரு புது சாரு."

நான் நிற்கிறேன் என்றேன். உன் அஸ்தியைக் கரைத்த பிறகு அந்தப் பக்கமே போகாதவள் நான்.

சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னது நினைவிருந்தது. "பசங்க கத்துவாங்கக்கா. பந்து எனக்கு முன்னாடியே விழுந்துடும். காத்து தடுக்குதுன்னு அப்பதான் நம்புவாங்க. வேகம் மாற மாறத் தடையும் மாறுதே, அத எப்படி எழுதறதுன்னு அவங்களே கேப்பாங்க."

ரப்பர் பட்டையில் பிளாஸ்டிக் பந்தை வைத்து இழுத்தார்கள். "அக்கா, மூக்கு பத்திரம்," என்றான் ஒருவன். "கம்முனு கோணத்தப் பாருடா, இழுத்துக்கினு பேசாத," என்று நிவேதா அதட்டினாள்.

எங்கே, எந்த வேகத்தில் தொடங்கியது என்று தெரிந்தால்தான் எங்கே முடியும் என்று சொல்ல முடியும் என்பாய். உன் நெஞ்சுவலி எப்போது தொடங்கியது, குமரா? காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே இருந்ததா? இத்தனை வருஷம் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்தவள், எல்லோரிடமும் விசாரித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

பந்து கிளம்பியது. என்னைத் தொடாது என்று தெரியும். இருந்தும், இந்த ஒரு முறை என்மேல் வந்து படட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உன்னிடமிருந்து என்னிடம் வந்து சேர இனி வேறு என்ன இருக்கிறது?

நாலடி முன்னால் விழுந்தது.

"சார், ஃபார்முலா தப்பா?" என்றாள் ஒரு பெண்.

"நீயே சொல்லு."

"காத்தா சார்? அத எப்படி சார் எழுதறது?"

புது ஆசிரியர் மணலிலேயே உட்கார்ந்து விரலால் எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் சுற்றிக் குனிந்தார்கள். நான் மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் நிற்பேன். பந்து என்னிடம் வராது என்று தெரிந்தே, கண்ணை மூடாமல் நிற்பேன்.

நீ 'அக்கா' என்று இனி அழைக்காத இந்த வீட்டிலிருந்து,
உன் அக்கா